மூக்கம்மாளின் கலை ஆர்வம்

தென்காசிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்து, மட்டாஞ்சேரிக் கிடங்கொன்றில் சுக்கு புடைத்துக்கொண்டிருந்த மூக்கம்மாளைப் போல ஓவியக்கூடத்துக்கு நடையாய் நடந்தவர் கொச்சியிலேயே கிடையாது. காரணத்தைச் சொன்னால் முகம் சுளிப்பீர்கள். சுளித்தால் சுளியுங்கள். அத்தனை பெரிய பஜாரில் பெண்கள் ஒதுங்க ஒரு கக்கூஸ் இல்லை. காலையில் வேலைக்கு வந்தால் அந்தி வரை பச்சைத்தண்ணீர் பல்லில் படாது. பாதிப்பேருக்கு நீர்க்கடுப்பு.

தொண்ணூற்று மூன்றில் பக்கத்து மிளகுக் கிடங்குக்கு வெள்ளையடித்து ஓவியக்கூடம் ஆக்கினார்கள். அனுமதி இலவசம். படங்களையெல்லாம் தாண்டிப் போனால் கடைசியில் தண்ணீர் வரும் கக்கூஸ். முதல் நாள் மூக்கம்மாள் போனாள்; மறுவாரம் கிடங்கே போனது. காவலாளி நாணு ஒவ்வொரு தலைக்கும் கையிலிருந்த எண்ணும் கருவியை ஓர் அமுக்கு அமுக்கினார். போகும்போது மூக்கம்மாள் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. திரும்பும்போது, ஒரு மரியாதைக்கு, ஒன்றிரண்டின் முன்னால் நிற்பாள்.

கூட்டத்தைக் கேள்விப்பட்டுப் புரவலர்கள் பூரித்துப்போனார்கள். அடுத்த கிடங்கை வாங்கினார்கள், அதற்கடுத்ததையும். கூடம் நீள நீளக் கக்கூஸும் தள்ளித் தள்ளிப் போனது. பெண்கள் கொஞ்சம் முன்கூட்டியே கிளம்பினார்கள், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நாலில் புதுக்கூடத் திறப்பு விழா. எல்லாரையும்விட அதிகமாக வந்த ரசிகை என்று மேலாளர் வெங்கிடாசலம் மூக்கம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தி, மைக்கையும் கொடுத்தார். அடுத்த மாதம் முதல் டிக்கெட் என்று அன்று காலைதான் நாணு சொல்லியிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நாங்க படம் காண வரல சாரே, ஒண்ணுக்குப் போக வாறோம். இந்தப் பஜார்ல பொம்பளைக்கு வேற எடம் இல்ல. டிக்கெட் வச்சா நாங்க எங்க போறது?”

யாரும் கைதட்டவில்லை. பொன்னாடையைத் திரும்பக் கேட்கவுமில்லை. ஆனால் பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்களே! மானம் போனது. மாதம் முடிவதற்குள் சந்துப் பக்கம் கதவு வைத்து, கக்கூஸுக்கு நேர்வழி விட்டார்கள். டிக்கெட் வேண்டாம், படமும் வேண்டாம். மூக்கம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று மதியம் இரண்டு சாயா குடித்தாள்.

முன்வாசலில் நாணுவுக்கு வேலையில்லாமல் போயிற்று. கூட்டம் குறைந்ததும் புரவலர்கள் போனை எடுப்பதையும் நிறுத்தினார்கள். ஒருநாள் வெங்கிடாசலமே சுக்குத் தூசிக்குள் தும்மிக்கொண்டு வந்து நின்றார்.

“மூக்கம்மா, பழையபடி முன்வாசல் வழியாவே வாங்களேன். உங்க யாருக்கும் டிக்கெட் வேண்டாம்.”

“சந்துக் கதவ அடச்சிருவீங்களோ?”

“அடைக்கமாட்டோம். சத்தியம்.”

மூக்கம்மாள் மற்ற பெண்களைப் பார்த்தாள்.

“அப்ப சரி சாரே. அவசரமில்லாதப்ப அந்த வழியா வாறோம்.”