மாமனாரின் மாத்திரை

கச்சிராயபாளையம் பக்கத்துக் கிராமங்களில் செவிலியராக இருந்தபோது எனக்கு ஒரு பெருமை உண்டு. ஏறிய பிரஷரைத் திட்டியே இறக்கிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை செக்கப்பில் ஒரு கர்ப்பிணிக்குப் பி.பி. குறைந்திருந்தால் எல்லார் முன்னாலும் கைதட்டுவேன். ஏறியிருந்தால், "இன்னா, ஊறுகா ஜாடிய கட்டிக்கினு தூங்கறியா?" என்பேன். வரிசையே சிரிக்கும்.

அந்த வரிசையில் வந்த மலர்க்கொடிக்கு எட்டாம் மாதத்தில் 150/100 வந்தது. இன்னும் ஏறினால் அவளுக்கு வலிப்பு வரலாம், குழந்தைக்கு ரத்தம் சரியாகப் போகாமல் மூளையும் பாதிக்கலாம் என்று மிரட்டி டாக்டரிடம் அனுப்பினேன். அவர் மாத்திரை கொடுத்தார். அடுத்த செவ்வாய் 110/70. கைதட்டினேன். டாக்டரின் மாத்திரையைவிட என் வாய்க்குத்தான் வீரியம் என்று பீற்றிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரமும் 110/70. ஆனால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கூடியிருந்தது, முகமும் வீங்கியிருந்தது; இரண்டும் பிரஷர் ஏறியவளுக்கு வருகிற அறிகுறிகள். துணைக்கு வந்த மாமனார் ஏழுமலை ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்; அவருக்கும் சும்மா பி.பி. பார்த்தேன். 190/100.

"மாத்திர போடறீங்களா இல்லியா?"

"எங்க நர்சம்மா, டப்பாவுல வெச்சா கம்மியாயிக்கினே போவுது. எலி துன்னுதோ இன்னாவோ."

"எலிக்கும் பிரஷரா?"

எல்லாரும் சிரித்தார்கள். மலர்க்கொடி மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே அழைத்துப்போய்க் கேட்டதும் அழுதுவிட்டாள்.

"செக்கப்புக்கு முந்தின நாளும் அன்னிக்கும் மட்டுந்தான் டாக்டர் குடுத்ததோட மாமாவுதயும் போட்டேன். ஜாஸ்தின்னு வந்தா நீங்க எல்லாரு எதிர்லயும் கேப்பீங்க. வெக்கமா இருக்குது."

மாமனாருடைய மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாத வகை. மற்ற நாட்களில் அவள் பி.பி. எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. 108-ஐ அழைத்தேன். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

அன்றே ஆபரேஷன். ஆண் குழந்தை, எடை குறைவு, இன்குபேட்டரில் வைத்தார்கள். தலை ஸ்கேனில் இப்போதைக்குக் கோளாறு இல்லை, வளர்ச்சியைத்தான் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். மாதாமாதம் போய்ப் பார்த்தேன். நாலாம் மாதமும் தலை நிற்கவில்லை. குறைமாதப் பிள்ளை, பொறுங்கள் என்றார் டாக்டர்.

ஆறாம் மாதம் குப்புறப் படுக்க வைத்தேன். தலையைத் தூக்கி என்னை முறைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழுவாதீங்க நர்சம்மா, உங்களுக்குப் பி.பி. ஏறிடப் போவுது," என்றாள் மலர்க்கொடி.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, எண் எதுவானாலும் முகத்தை மாற்றாமல் எழுதுங்கள். நம்மிடம் நல்ல பேர் வாங்கத்தான் மலர்க்கொடி தன் வயிற்றுப் பிள்ளையைப் பணயம் வைத்தாள்.