கொலுத் தெப்பக்குளத்தில் எழுந்த நீரூற்று

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். குழந்தைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சி அது. ஒரு வாரம் அதில் மோட்டார் இல்லாமல், மேலே இருக்கும் வாளித் தண்ணீரை ஒரு டியூப் வழியாகக் கீழே நீரூற்றாக வரவழைத்தார்கள். எட்டாவதோடு என் படிப்பு நின்றாலும் அந்த நீரூற்று மனசிலேயே இருந்தது.

போன நவராத்திரிக்கு, விளாங்குடியில் எங்கள் வீட்டுக் கொலுவில் தெப்பக்குளம் கட்டி, உயரத்தில் தண்ணீர் வாளியை வைத்து அதிலிருந்து குளத்துக்கு டியூப் விட்டேன். பெண்கள் வெற்றிலை பாக்குக்கு வரும் நேரம். தண்ணீர் வரவில்லை.

"டியூப்ல வாய வச்சு உறிஞ்சும்மா, வந்துரும்" என்றாள் மகள். டிவியிலும் அப்படித்தான் செய்தார்கள்.

"அம்மன் முன்னாடி எச்சில் பண்ணச் சொல்றியாடி?"

"அப்ப நான் போயி மோட்டார் வாங்கிட்டு வாரேன். உன் டிவி வாத்தியாருக்கு லீவு குடு" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

ஆனால் அந்த நிகழ்ச்சியில் ஒன்று சரிவராவிட்டால், ஏன் என்று யோசித்து வேறு மாதிரி செய்து பார்ப்பார்கள். உறிஞ்சுவது எதற்கு? டியூப் நிறையத் தண்ணீர் ஏறத்தானே? மீனாட்சித் தாயை நினைத்துக்கொண்டு முழு டியூபையும் வாளிக்குள் அமுக்கி நிரப்பினேன். மறுமுனை வாளித் தண்ணீருக்குள்ளேயே இருக்க, ஒரு முனையை விரலால் அடைத்துக் கீழே கொண்டுவந்து, குளத்தில் வைத்து விரலை எடுத்தேன். தண்ணீர் பீறிட்டு எழுந்தது.

"ஆத்தி, எம்புட்டு உசரம். மோட்டார் எங்க?" என்றபடி வந்தார் எதிர்வீட்டு அக்கா.

"மோட்டாரெல்லாம் இல்லக்கா. இவளாச் செஞ்சது" என்றார் வீட்டுக்காரர்.

டிவியில் பார்த்ததுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. எச்சில் படாத அந்த வழி டிவியில் வந்ததில்லை. அம்மன் அதை எனக்கென்று வைத்திருந்தாள்.