ஒன்பதடிப் பருத்திப் பை

பருத்தி வெடித்துவிட்டால் மிசிசிப்பியில் கறுப்புப் பிள்ளைகளுக்கு நவம்பர் வரை பள்ளிக்கூடம் கிடையாது. வெள்ளைப் பிள்ளைகளின் பஸ் மட்டும் காலையில் புழுதி கிளப்பிக்கொண்டு வயலோரமாகப் போகும். மாநிலத் தலைநகரில் இருந்த கறுப்பர் கல்லூரியோ 1951-இல் நுழைவுத் தேர்வை அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை வைத்துவிட்டது. தேறினால் இலவசப் படிப்பு. அர்செலுக்குப் பதினேழு வயது.

பாதிரியார் வீட்டில் ஒரு கிழிந்த அல்ஜீப்ரா புத்தகம் இருந்தது. வாசலைத் தாண்டி வெளியே வராது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அர்செல் அங்கே உட்கார்ந்து கணக்குகளை மனத்தில் ஏற்றிக்கொள்வாள். வீடு திரும்பிய வேகத்தில், வேலியோரக் காட்டுப்பழத்தைப் பிழிந்த ஊதாச் சாற்றில் கோழியிறகைத் தொட்டு, தன் ஒன்பதடிப் பருத்திப் பையின் மேல் எழுதிவைப்பாள். மறுநாள் அதே பையைத் தோளில் மாட்டி இழுத்தபடி பருத்தி எடுப்பாள். நிரை முடியும்போது திரும்பி ஒரு கணக்கைப் பார்ப்பாள். அடுத்த நிரை முடிவதற்குள் விடை வந்திருக்கும்.

பக்கத்து நிரையில் எடுக்கும் அம்மா லூவீனியாவுக்குத் தன் பெயருக்கு மேல் எழுத வராது. மகளின் முணுமுணுப்பு காதில் விழும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். இதை நானா பெற்றேன் என்றிருக்கும்.

லூவீனியா மகளுக்கு ஒருநாள் விடுப்பு கேட்டதற்கு, மேற்பார்க்கும் ஹாட்லி துரை குதிரையை விட்டு இறங்கக்கூட இல்லை. “காட்டுல பருத்தி நிக்கும்போது ஊர் சுத்தணுமா? உன் பொண்ணை ஒருநாள் காணோம்னா, அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணிடு.”

டவுனில் துணி வெளுத்துப் பிழைப்பவள், அவர்களுடைய ஆலயத்துக்கே வரும் புளோசி, இதைக் கேட்டுச் சிரித்தாள். “அந்தாளு மூஞ்சியைப் பாத்தா எண்ணுறான்? தொப்பியைத்தானே எண்ணுறான்! உன் வெயில் தொப்பியையும் பையையும் குடுடி அர்செலு. வெள்ளிக்கிழமை நான்தான் நீ.”

“சிஸ்டர், உங்களுக்கு அம்பது வயசு. அந்த இடுப்பை எங்க ஒளிக்கிறது?” என்றாள் லூவீனியா.

“நாள்பூரா குனிஞ்சே கிடக்கேன். தூரத்துல எல்லா இடுப்பும் ஒண்ணுதான், போ.”

வெள்ளிக்கிழமை விடியுமுன் அர்செல் பஸ் ஏறினாள். தொப்பிகளின் எண்ணிக்கை சாயங்காலம் வரை சரியாகவே இருந்தது. எடை போடும் நேரம்தான் வந்தது வினை. மகளின் பையையும் லூவீனியாவே தராசுக்கு இழுத்து வந்தாள்.

“எங்க உன் பொண்ணு?”

“வயித்தால போகுது துரை. புதர்ல இருக்கா.”

புதருக்கு மேல் தொப்பி ஆடியது. தேவைக்கு மேலாகவே ஒரு முனகலும் கேட்டது. துரை மூக்கைச் சுளித்துக்கொண்டு பையைப் புரட்டினார். “இது என்ன கிறுக்கல்?”

லூவீனியா எட்டிப் பார்த்தாள். “கோழி மிதிச்சிருக்கும், துரை.”

துரை குனிந்தார். முதல் வரியில் விரலை வைத்தார், இரண்டாவதற்கு நகர்த்தினார், திரும்பவும் முதல் வரிக்கே வந்தார். அப்போதுதான் அவள் அவருடைய கண்ணைக் கவனித்தாள். படிக்கத் தெரியாதவள் அவள். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியாதா? துரைக்கும் அது விளங்கவில்லை! “அடுத்தது” என்று பையைத் தள்ளிவிட்டார் துரை.

இருட்டிய பிறகு அர்செல் வந்து இறங்கினாள்.

“எல்லாம் போட்டியா?”

“ஒண்ணே ஒண்ணு வரலைம்மா. பை வால்ல எழுதியிருந்த கணக்கு. மண்ணுல தேஞ்சே போச்சு.”

மறுநாளே லூவீனியா பையின் வாலுக்கு இரட்டை ஒட்டுப் போட்டாள், அடுத்த வருஷமும் தேர்வு எழுத வேண்டி வந்தால் ஆகுமே என்று. தேவைப்படவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் பாதிரியார் ஆலயத்தில் கல்லூரிக் கடிதத்தைப் படித்தபோது, எல்லோருக்கும் முன்னால் கத்தியவள் புளோசி: “நான் பாஸாயிட்டேன்!”

அடுத்த பருவத்தில் அந்தப் பையை லூவீனியாவே இழுத்தாள். அதை அவள் துவைக்கவே இல்லை. எடை போடும்போது மட்டும், எழுத்து துரையின் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைப்பாள்.