செட்டியார் பேசாத கூட்டம்

அன்றைக்கு மேடையில் இருந்தவர்கள்: வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர், தலைமை தாங்கிய உள்ளூர்க் கட்சிக்காரர், ‘முன்னிலை’ என்று நோட்டீஸில் பெயர் போட்டிருந்த இரண்டு பேர், நன்றி சொல்ல ஒருவர். மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் என் முதலாளி சூசை அண்ணன், அவர் பக்கத்தில் நான். முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்து இட்லிக்கடை கன்னியம்மா. கூட்டத்துக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி அரிசிக்கடை சபாபதி செட்டியார். மற்றபடி செஞ்சி கடைத்தெரு முழுக்க அங்கேதான் இருந்தது.

அரிசிக்கு ஜனங்கள் அலைந்த அறுபதுகளின் நடு வருஷங்கள் அவை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் சூசை அண்ணனின் மைக் செட் கடையில் வேலை பார்த்தேன். எல்லாக் கட்சிக்கும் எங்கள் மைக்தான். எனக்குக் கவலைப்படும் சுபாவம். பாட்டரி இறங்கிவிடுமோ, வால்வு போய்விடுமோ, மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் யார் தலையிலாவது விழுமோ என்று மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டே இருப்பேன். பேச்சு என் காதில் ஏறாது, சத்தம் மட்டும்தான் ஏறும். அன்றைக்குப் பேச்சும் ஏறியது, ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த மனுஷனைப் பற்றி இருந்தது.

“மேல்மலையனூர்ல விவசாயிக்கு ஒரு படி நெல்லுக்கு இன்னா குடுக்குறான்? இந்தக் கடைத்தெருவுல ஒரு படி அரிசி இன்னா வெலை? நடுவுல இருக்குற துட்டு யாரு வயித்துல போச்சு?” என்று கேட்டார் பேச்சாளர். கேட்டுவிட்டு நிறுத்தினார். கூட்டத்தில் ஒருவன், “செட்டியார் வயித்துல!” என்றான். கைத்தட்டலும் சிரிப்பும் எழுந்தன. ஊரில் அரிசிக்கடை வேறு இருந்தாலும், ‘செட்டியார்’ என்றால் சபாபதி செட்டியார்தான்.

அந்தக் காலத்தில் துண்டுச் சீட்டு என்று ஒரு வழக்கம். சந்தேகம் இருப்பவர் எழுதிக் கொடுத்தால் கை மாறி மைக்காரன் கைக்கு வரும். அவன் மேடை மேசையில் வைப்பான். செட்டியாரின் சீட்டும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. வைக்கும்போது படித்தேன். ‘நெல் விலையும் அரிசி விலையும் ஒன்றா? இரண்டு படி நெல் குத்தினால் ஒரு படி அரிசிதான் வரும். வண்டிக்கூலி, மில் கூலி தனி.’

பேச்சாளர் சீட்டை எடுத்து முதல் வரியை மட்டும் உரக்கப் படித்தார். “நெல்லு வெலையும் அரிசி வெலையும் ஒண்ணான்னு கேக்குறாரு ஒரு வியாபாரி. ஒண்ணு இல்லையாம்! அதைத்தான்யா நானும் இவ்ளோ நேரமா சொல்லிக்கினு இருக்கேன்!”

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. அது அடங்குவதற்குள் அவர் சர்க்கரை விலைக்குப் போய்விட்டார். மீதி இரண்டு வரியும் சீட்டோடு மடிந்து அவர் சட்டைப் பையில் போயின. திரும்பிப் பார்த்தேன். செட்டியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

*இல்லாததும் சாட்சி*

மறுநாள் காலையில் செட்டியார் கடை வாசலில் கூட்டம். “குடோனைத் தொற!” என்றார்கள். செட்டியார் மறுப்பே சொல்லாமல் திறந்துவிட்டார். உள்ளே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகள்தான் அதிகம், அரிசி மூட்டை மூன்றோ நாலோ. பார்த்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தார், பாவம்.

“பாத்தியா, ராத்திரியே வண்டி ஏத்திட்டான்!” என்றான் ஒருவன்.

அரிசி இருந்திருந்தால் பதுக்கல். இல்லாததால் கடத்தல். எதைக் காட்டினால் நம்புவீர்கள் என்று செட்டியார் கேட்டார்.

அவருடைய பெரிய மகளுக்கு அவலூர்பேட்டையில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தை மாதக் கல்யாணத்துக்கு எங்களிடம்தான் மைக் செட் சொல்லியிருந்தார். கூட்டம் நடந்து நாலைந்து நாளில், “ஊருல என்னென்னமோ பேசிக்கிறாங்களே” என்று சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே செட்டியார் எங்கள் கடைக்கு வந்தார்.

“சூசை, எனக்கும் ஒரு கூட்டம் போடணும்ப்பா. அதே எடத்துல. மைக்குக்கு இன்னா ஆவும்?”

“நீங்களா? இன்னா பேசப் போறீங்க?”

“கணக்கு சொல்லப் போறேன். நெல்லு வாங்குனதுலேர்ந்து அரிசி அளக்குற வரைக்கும்.”

சூசை அண்ணன் சிரித்தார். “செட்டியாரே, கணக்கு சொன்னா ஜனம் மண்ணைத் தட்டிக்கினு எழுந்து பூடும். நீங்களும் ஒரு கேள்வியாக் கேட்டுட்டு எறங்கிடுங்க.”

“கேட்ட கேள்விக்கு பதில் சொல்லத்தானேப்பா மைக்கு கேக்குறேன்.”

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார். செட்டியார் முன்பணம் பதினைந்து ரூபாய் எடுத்து என் கையில் வைத்தார்.

*தலைமை*

எங்கள் ஊரில் தலைமை இல்லாமல் கூட்டம் கிடையாது. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து, ‘இவர் பேசுவதை நாம் கேட்கலாம்’ என்று சொன்னால்தான் ஜனம் கேட்கும். செட்டியார் கடை கடையாக ஏறினார். “நீங்க பேசுங்க, நான் கூட்டத்துல நிக்கிறேன்” என்றார் ஜவுளிக்கடைக்காரர். “எனக்கும் பொண்ணு இருக்குது செட்டியாரே” என்றார் எண்ணெய்க்கடைக்காரர். அதற்குமேல் அவரை என்ன கேட்பது?

கடைசியில் கன்னியம்மா கடையில் வந்து உட்கார்ந்தார். நானும் அங்கே இட்லி தின்றுகொண்டிருந்தேன்.

“நீயும் கை தட்டுனியாமே, கன்னியம்மா?”

“தட்டுனேன். இன்னா இப்போ?”

“ரெண்டு படி குத்துனா ஒரு படிதான் வரும்னு ஒனக்குத் தெரியாதா?”

“எனக்கா தெரியாது? பத்து வயசுலேர்ந்து ஒலக்கை புடிச்ச கை இது. அங்க குந்தினு இருந்த அத்தினி பொம்பளைங்களும் நெல்லு குத்துனவங்கதான். தெரிஞ்சுதான் தட்டுனோம். அரிசி இல்லாம நான் ரெண்டு நாளு அடுப்பு மூட்டல, செட்டியாரே. யாரையாவது திட்டணும் போல இருந்துது. அந்த ஆளு திட்டுனான்.”

கன்னியம்மா சட்னியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “தலைமைக்கு ஆளு கெடைக்கலியாமே. நான் குந்திக்கிறேன். ஆனா நீ சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட மாட்டேன். குறுக்க கேப்பேன்.”

“கேளு தாயி. கேக்கத்தான் ஆளு வேணும்” என்றார். அவர் முகம் தெளிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கூட்டத்து நாளன்று மத்தியானமே குழாய் கட்டினோம். ஒரு குழாயைத் தப்பித் தவறி மலைப்பக்கம் திருப்பிவிட்டேன். ‘ஹலோ’ என்றால் ராஜகிரியில் மோதி இன்னொரு ‘ஹலோ’ வந்தது. செட்டியார் சொல்வது ஒன்றோடொன்று குழம்பிவிடுமே என்று பயந்து மறுபடி மரம் ஏறித் திருப்பினேன். அவருடைய சொல் ஒவ்வொன்றும் சுத்தமாகக் கேட்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

கன்னியம்மா தலைக்குக் குளித்து, துவைத்த புடவையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜனமும் ஏதோ வேடிக்கை என்று கூடியது. செட்டியார் அவலூர்பேட்டை பஸ்ஸில் வந்து இறங்கி, மேடைக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தார்.

“கழட்டிடுப்பா.”

“என்ன ஆச்சுங்க?”

“சம்பந்தி ஊட்லயே ஒக்காந்து கணக்கு பூரா சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. ஒரு கேள்வி கேக்கல. ‘நாங்க நம்புறோம், ஊரு நம்பணுமே’ன்னு நிச்சயத் தட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.” தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “இனிமே யாருக்குப்பா சொல்றது?”

கன்னியம்மா மேடையிலிருந்தே கூப்பிட்டாள். “எனக்குச் சொல்லு செட்டியாரே! வந்து குந்தினு இருக்கேன் இல்ல?” அவர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவுதான். வீட்டுக்கு நடந்துவிட்டார். வேடிக்கை இல்லை என்று தெரிந்ததும் ஜனம் கலைந்தது. விளக்கு வைக்கும் வரைக்கும் அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இந்தத் தொழிலில் எல்லாக் கட்சிப் பேச்சையும் கேட்டுவிட்டேன். கேள்வி கேட்க ஒரு மூச்சுப் போதும், பதில் சொல்ல அரை மணி வேண்டும். அந்த அரை மணியை யாரும் கொடுப்பதில்லை. படிப்பு இல்லாத எனக்கு இதில் ஒன்றுதான் விளங்கியது. கைத்தட்டல் பலமாக இருந்தால், சீட்டில் மீதி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல ஒருவர் வந்தால், கூட்டம் இல்லாவிட்டாலும் போய் உட்காருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கொண்டுபோனேன். செட்டியார் வாங்கவில்லை. “இருக்கட்டும்ப்பா. என்னிக்காவது பேசுறேன்” என்றார். தை பிறப்பதற்குள் கடையை விற்றுவிட்டு, குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார். எந்த ஊர் என்று கன்னியம்மாவுக்கும் தெரியவில்லை. பிறகு கடை என் கைக்கு வந்தபோது சூசை அண்ணன் வரவு செலவெல்லாம் தீர்த்து ஒப்படைத்தார், அது ஒன்றைத் தவிர. செட்டியாருக்கு நாங்கள் தரவேண்டிய பாக்கி, ரூபாய் பதினைந்து.