நீரோவை விட்டார்கள், என் மாப்பிள்ளையை விடவில்லை

என் மாப்பிள்ளை தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். ஆள் ஆறடி. வீட்டில் கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறிவிடுவார். எரிகிற மாடிக்குள் மட்டும் யோசிக்காமல் நுழைவார். அவருக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் பிடில். தலை நரைத்தபிறகு கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். அதை வாசிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருக்கு விடுமுறையான ஒரு மத்தியானம் தெருமுனை மெத்தைக் கடை எரிந்தது. டூட்டியில் இருந்தவர்கள் வந்து அணைத்தார்கள். இவரோ கதவைச் சாத்திக்கொண்டு பிடிலை இழுத்துக்கொண்டிருந்தார்; வெளிச்சத்தம் ஒன்றும் காதில் விழவில்லை. மறுநாளே தெருவில் நீரோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மனிதர் சுருண்டுபோய், வேறு ஊருக்கு மாற்றல் கேட்கப்போகிறேன் என்றார். அவர் போனால் என் மகளும் போவாள். நான் விடுவேனா?

"யாருடி அந்த நீரோ?" என்று மகளைக் கேட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவள். ரோமாபுரியின் ஆரம்பகாலச் சக்கரவர்த்திகளை வரிசையாகச் சொன்னாள். ஒருவன் தீவில் போய் உட்கார்ந்துகொண்டானாம். ஒருவன் குதிரைக்கு மந்திரி பதவி தரப் பார்த்தானாம். திரைக்குப் பின்னால் பதுங்கியிருந்த ஒருவனை இழுத்துவந்து பட்டம் கட்டினார்களாம்.

"இதையெல்லாம் கூட இருந்து பாத்தவனா எழுதினான்?"

"எங்கம்மா. பாதிக்கு மேல அவங்க செத்து ரொம்ப வருஷம் கழிச்சு எழுதினது. பிடிக்காதவங்க எழுதினது வேற."

"என்னைப் பத்தி என் நாத்தனார் சொல்ற மாதிரின்னு சொல்லு."

ரோமாபுரி எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்பது வெறும் பேச்சாம்; தீப்பிடித்தபோது அவன் ஊரிலேயே இல்லையாம். திரும்பிவந்து, வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டத்தையே திறந்துவிட்டானாம். பிடில் என்ற சாமானே அப்போது கிடையாதாம்.

"அதுக்காக நல்லவன்னு நெனச்சுடாதம்மா. பெத்த தாயையே கொன்னவன்."

"அதுக்குத் தனியா தூக்குல போடு. இதுல அவனை விட்டுடு."

தெருப்பேச்செல்லாம் பிறக்கிற சலூனுக்கு நேரே போனேன். மெத்தைக் கடைக்காரர் முகம் முழுக்க நுரை, தொண்டையில் கத்தி. எதிர்த்துப் பேச முடியாது. இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? நீரோவின் வழக்கை ஒன்று விடாமல் சொல்லி, மாப்பிள்ளை மாற்றல் கேட்கப்போவதையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி பாட்டி, நீரோ வாசிக்கல. விட்டுட்டேன். உங்க மாப்பிள்ளை வாசிச்சாரே."

பின்னாலேயே வந்திருந்த மாப்பிள்ளை, "அத்தை, நீங்க எனக்காகப் பேசினது போதும்" என்று உள்ளே நுழைந்தார். "வாசிச்சேண்ணே. அன்னிக்கு எனக்கு லீவு. காதுல விழுந்திருந்தா ஓடி வந்திருப்பேன்."

"லீவா? டூட்டிய விட்டுட்டு வீட்ல உக்காந்திருந்தீங்கன்னுல்ல சொன்னாங்க."

"யாரு சொன்னா?" என்றேன் நான்.

மெத்தைக் கடைக்காரர் சவரக்காரரைப் பார்த்தார். சவரக்காரர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அன்னிக்கு வண்டி ஓட்டிட்டு வந்தவன் சந்துல திருப்பத் தெரியாம முழிச்சான்" என்றார் மெத்தைக் கடைக்காரர். "நீங்க வந்திருந்தா பாதிக் கடையாவது மிஞ்சியிருக்கும். அந்த வயித்தெரிச்சல்தான் எனக்கு. நீங்க பாட்டுக்கு மாற்றல் வாங்கிட்டுப் போயிட்டா, அடுத்த தடவை யாரு வருவா?"

மாற்றல் பேச்சு அங்கேயே முடிந்தது. பெயர் மட்டும் போகவில்லை. கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்க்கிறார்.