கரும்பலகையில் எழுதிய முகவரி

குற்றாலத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் நாலாம் வகுப்புக்குக் கடிதம் எழுதும் பாடம் உண்டு. நோட்டில் எழுதிக் கிழித்துப் போடுவது எனக்குப் பிடிக்காது. தபால் ஆபீசில் உறை வாங்கி வந்து, பிள்ளைகள் அவரவர் அப்பாவுக்கு எழுதி, முகவரியும் எழுதி, தபால் பெட்டியில் போட்டே ஆக வேண்டும். கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டால் மார்க். “வாட்ஸ்அப்ல லொகேசன் போட்டா போதாதா டீச்சர்?” என்று வருசத்துக்கு ஒருத்தன் கேட்பான். “போலே, போய் எழுது” என்பேன். ஒரு வருசம் ஒரு பயல் ‘அப்பா, சிப்ஸ் கடை, குற்றாலம்’ என்று மட்டும் எழுதினான். அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாதிரிக்குப் பலகையில் என் வீட்டு முகவரியைத்தான் எழுதுவேன். பெறுநர் என்று போட்டு, என் கணவர் பெயர், தெரு, தென்காசி, பின்கோடு. பிறகு அதை அழித்துவிட்டு, “இப்போ இந்த இடத்துல உங்க அப்பா பேரு, உங்க தெரு” என்று சொல்லுவேன்.

என் கணவர் இந்த வருசம் மாசி மாதம் இறந்துபோனார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். நான் அழவில்லை. துஷ்டி கேட்க வந்தவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். “அழுதிரு தாயி, உள்ள வச்சிக்கிடாத” என்றார்கள். வந்தால்தானே அழ? சோறு பொங்கினேன், பஸ் ஏறினேன், வருகைப் பதிவு எடுத்தேன். ரேஷன் கார்டில் பெயர் நீக்குவது, பேங்க், எல்லாம் என் கொழுந்தன் பார்த்துக்கொண்டார். யாராவது என் வீட்டுக்காரரை விசாரித்தால் “இல்ல” என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. ஜூனில் புதிதாக வந்த வகுப்பு.

ஆடி மாதம் அந்தப் பாடம் வந்தது. வெளியே சாரல், ரோடு முழுக்கக் கார் ஹாரன். நான் பலகையில் எழுதினேன். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை, கை தன்பாட்டுக்கு எழுதியது. எழுதி முடித்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அழிக்கவில்லை. சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளும் தலை நிமிராமல் எழுதினார்கள். உறைகளை ஒட்டிக் கொடுத்தார்கள். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்கி, பஸ்ஸ்டாண்டு போகிற வழியில் பெட்டியில் போட்டேன்.

சனிக்கிழமை போஸ்ட்மேன் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். கையில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டு.

“டீச்சர், எல்லாம் சார் பேருக்கு வந்திருக்கு” என்றார். என்னைப் பார்க்காமல் உறைகளைப் பார்த்துப் பேசினார். “வாங்கலைன்னா, ஆளு இறந்துட்டாருன்னு மேல எழுதி, அனுப்புனவங்களுக்கே திருப்பணும். அனுப்புநர் பூராம் உங்க ஸ்கூல் பிள்ளையளு. எழுதட்டா, வாங்கிக்கிடுதியளா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பலகையில் இருப்பது அப்படியே வர வேண்டும், ஒரு புள்ளி மாறக் கூடாது என்று ஜூனிலிருந்து அவர்களை விரட்டியது நான்தான். மாறவில்லை. இருபத்திரண்டு உறையிலும் அவர் பெயர்.

“எழுதாதீங்க அண்ணாச்சி” என்று வாங்கிக்கொண்டேன். எந்தப் பிள்ளையும் அதை அப்படி உறை மேல் படிக்கக் கூடாது.

அவரவர் வீட்டுக்குக் கடிதம் போக வேண்டுமென்றால் பெயரை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும். அன்று மத்தியானம் பேனாவோடு உட்கார்ந்தேன். முதல் உறையில் பேனாவை வைத்தேன். கோடு இழுக்க முடியவில்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியாது, மரத்துப் போன கை மாதிரி இருந்தது. இவ்வளவு பயந்தாங்கொள்ளியா நீ என்று என்னையே திட்டிக்கொண்டு, உறைக்கட்டை அப்படியே பைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்ததுமே, “டீச்சர், எங்க வீட்டுக்கு லெட்டர் வரவே இல்ல” என்று எல்லோரும் கத்தினார்கள்.

“எங்க வீட்டுக்கு வந்திருக்கு. தப்பு என் மேலதான்” என்று உறைகளைத் திருப்பிக் கொடுத்தேன். “மேல உள்ள பேர ஸ்கேல் வச்சு அடிங்க. பக்கத்துல உங்க அப்பா பேரு, உங்க தெரு எழுதுங்க.”

முன் பெஞ்சில் இருந்த பெண் எழுந்தாள். சும்மா இருக்கவே தெரியாது அவளுக்கு.

“இது யாரு டீச்சர்?”

“எங்க வீட்டுக்காரரு.”

“அவுக ஏன் வாங்கிக்கிடல?”

“அவரு இல்லட்டி.”

“எங்கன போயிருக்காக?”

வெளியூர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “செத்துப் போயிட்டாரு” என்று வந்தது. என் குரலில் அந்தச் சொல்லை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

 ஸ்கேலும் பேனாவுமாக இருபத்திரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

“அப்போ அடிச்சிரவா டீச்சர்?” என்றாள் அவள், மெதுவாக.

“அடிங்க.”

எல்லாப் பேனாவும் ஸ்கேலில் உரசிப் போகிற சத்தம் ஒரே நேரத்தில் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து மாதமாக யார் சொல்லியும் வராதது, முந்தானையை எடுக்கக்கூட நேரம் தராமல், நாலாங்கிளாஸ் பிள்ளைகள் முன்னால் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதேன்.

அந்தப் பெண் பயந்துபோய் உறையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“நான் நேராத்தான் அடிச்சேன் டீச்சர். பாருங்க” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். நேராகத்தான் அடித்திருந்தாள்.