படுக்கிற பெட்டியும் அலுமாரி ஏற்றுகிற சனமும்

இரும்பு உள்ளே வரக்கூடாது என்று அரசாங்கம் தடைபோட்ட ஊரில் சில்லுப் பெட்டி செய்து பிழைத்தவனுக்குக் கோபத்தைத் தவிர வேறென்ன மிச்சம் இருக்கும், சொல்லுங்கள்?

தொண்ணூறுகளின் நடுவில், சண்டை நடந்த நாட்களில், நெடுங்கேணிச் சந்தைக்குப் பின்னால் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. அங்கே நான் செய்ததற்குச் சனம் வைத்த பெயர் ‘படுக்கிற பெட்டி’. பழைய மோட்டார் சைக்கிள் சில்லு இரண்டு, நடுவே ஓர் இரும்பு அச்சு, பனஞ்சலாகையில் அடித்தட்டு, வளைத்த குழாயின் மேல் கூரையாகத் தறப்பாள். பின்பலகையை விழுத்தினால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். சைக்கிளுக்குப் பின்னால் கொழுவலாம், பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடுகிற மோட்டார் சைக்கிளுக்குப் பின்னாலும் கொழுவலாம், ஒன்றும் இல்லாவிட்டால் கையால் தள்ளலாம். இடம்பெயர்ந்து அலுத்த சனத்துக்கு வீடும் அதுதான், வாகனமும் அதுதான். நீங்களும் அந்த நாட்களில் சில்லு பூட்டிய ஏதோ ஒன்றின் பின்னால் நடந்தவர்கள்தானே, நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு பெட்டி சரியா பிழையா என்று பார்க்க என்னிடம் ஒரே சோதனை. என் மனைவி செல்வி அதில் ஏறி இருப்பாள், நான் தனியாளாக மணலில் தள்ளுவேன். ஷெல் பட்டதில் செல்விக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வாய் மட்டும் முழுசாக இருந்தது. “தூக்கி அடிக்குது”, “வலப்பக்கம் சரியுது” என்று உள்ளே இருந்தே குற்றம் சொல்லுவாள். அவள் வாயை மூடினால்தான் பெட்டி விற்பனைக்கு. அடுத்த முறை ஓட வேண்டி வந்தால் இவளுக்கு நடக்க முடியாது, இவளுக்கென்று ஒரு பெட்டி வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் என் ஒரே கவலை.

சின்னப் பெட்டி, பெரிய அலுமாரி

மரியதாஸ் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித்தவர். கடல் போய், வலை போய், எங்கள் பக்கம் வந்து ஒரு கொட்டிலில் இருந்தார். மோட்டார் சைக்கிள் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. “சின்னனா, பாரமில்லாத பெட்டியா ஒண்டு வேணும் அண்ணை” என்றார். எனக்குச் சந்தோஷம். இப்படி அறிவோடு ஒருவன் கேட்டு எத்தனை நாள்! அளவு கேட்டேன். மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து நீட்டினார். ஆள் படுக்கிற நீளத்தை விடக் கூட இருந்தது. அது என்ன அளவு என்று கேட்டால், மனைவியின் சீதன அலுமாரியின் அளவாம்.

எனக்கு வந்ததே கோபம். “முதிரை மரத்து அலுமாரியை ஏத்திக்கொண்டு சின்னப் பெட்டி கேக்கிறியோ? அச்சு முறிஞ்சால் அலுமாரி நடக்குமோ? பெட்டிக்கை ஆள்தான் ஏறவேணும்!” என்று கத்தினேன். கத்திவிட்டுச் செய்தும் கொடுத்தேன், ஆனால் செல்வியை ஏற்றிப் பார்க்காமல் “கொண்டு போ” என்று தள்ளிவிட்டேன். சோதனை இல்லாமல் என் பட்டறையை விட்டுப் போன ஒரே பெட்டி அது. மரியதாஸுக்கு என் கத்தல் உறைக்கவேயில்லை.

“அலுமாரி இல்லாட்டி மனிசி வரமாட்டா அண்ணை. மனிசி வராட்டி எனக்குப் பெட்டி என்னத்துக்கு?”

கொழும்பிலிருந்து வந்த யன்னல்

ஒருநாள் நிவாரண வேலை செய்கிற ஒருவர் வெள்ளை வாகனத்தில் வந்து இறங்கினார். தமிழர்தான், கொழும்புக்காரர். கையில் ஒரு படம். அதில் பெட்டிக்கு இரண்டு பக்கமும் யன்னல், யன்னலுக்குத் திரைச்சீலை, பின்னால் கை கழுவத் தொட்டி. இப்படிச் செய்தால் சனம் கௌரவமாக இருக்குமாம், காற்றோட்டம் முக்கியமாம். எங்கள் சனத்துக்குக் காற்றோட்டத்துக்கு என்ன குறை? கூரையே இல்லாமல்தானே இருந்தார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். “ஐயா, யன்னல் வைப்பம், தொட்டியும் வைப்பம். அடுத்தமுறை வரேக்கை உங்கட வாகனத்திலை ஒரு அச்சுக்கம்பியும் நாலு குழாயும் கொண்டு வாங்கோ.” அவர் முகம் கறுத்தது. சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் விடமாட்டார்கள், தடைசெய்த சாமான் என்றார். படத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, ஏறும்போது அன்பாகத் தோளில் தட்டினார்.

“இரும்பில்லாமல் செய்யிற மாதிரி ஒரு வடிவம் யோசிச்சுப் பாருங்கோவன்.”

வீடா, வீடில்லையா

என்னிடம் பெட்டி வாங்கிய புவனம் அக்கா இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக இருந்தவர். பாயை விற்கவில்லை, பாத்திரத்தை விற்கவில்லை, காதில் கிடந்ததை விற்று வாங்கினார். மழை தொடங்கியதும் தறப்பாள் கிழிந்து ஒழுகியது. நிவாரணத்தில் தறப்பாள் கொடுக்கிறார்கள் என்று போய்க் கேட்டிருக்கிறார். கொடுக்க மாட்டேன் என்று அங்கிருந்த அதிகாரி சொல்லிவிட்டார். கூரை உள்ளவர்களுக்குத் தறப்பாள் இல்லையாம். அப்படியானால் வீடு உள்ளவர்களுக்குக் கொடுக்கிற அரிசியைத் தாருங்கள் என்று கேட்டால், அதுவும் இல்லையாம்.

அக்கா அழுதுகொண்டு என்னிடம் வந்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன், சண்டை பிடிக்கத்தான் போனேன். அந்த அதிகாரி என்னை இருத்தி, கணக்குப் பாடம் சொல்லித் தருகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

“சில்லு இருக்கிறபடியால் அதை வீடெண்டு சொல்லேலாது, கூரை இருக்கிறபடியால் அவையை வீடில்லாத ஆக்கள் எண்டும் சொல்லேலாது.”

செல்வியின் பெட்டி

கடைசியாகக் கையில் இருந்த அச்சில் செல்விக்கென்று ஒரு பெட்டி செய்தேன். நீல நிறம் அடித்தேன். ஒற்றைக் காலோடு ஏற ஒரு படியும், பிடிக்க ஒரு வளையமும் வைத்தேன். சோதனையில் அவள் ஒரு குற்றமும் சொல்லவில்லை. மண்வெட்டிப் பிடி போடப் பூவரசந்தடி வெட்டி வரப் போய்விட்டு, பின்னேரம் திரும்பினேன். பெட்டியைக் காணவில்லை.

ஓமந்தைப் பக்கத்திலிருந்து நடந்தே வந்த ஒரு நிறைமாதக்காரிக்குக் கொடுத்துவிட்டாளாம். வளையம் உட்படக் கொடுத்துவிட்டாளாம்! தடியை எறிந்தேன், கதிரையை உதைத்தேன். இனி அச்சு இல்லை, இரும்பு இல்லை, நாளைக்கு உன்னை எதில் ஏற்றுவேன் என்று கத்தினேன். அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுச் சட்டிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் இன்னொண்டு செய்வியள். அவள் இன்னொரு நாள் பாத்துப் பிள்ளை பெறுவாளோ?”

அலுமாரி இறங்கியது

இன்னொன்று செய்யச் சண்டை எங்களை விடவில்லை. ஒரு காலை ஷெல் சந்தைக்குள்ளேயே விழத் தொடங்கியது. செல்வியைச் சைக்கிள் கரியரில் ஏற்றி முள்ளியவளைப் பாதையில் தள்ளினேன். சேற்றில் சில்லு புதைந்து புதைந்து, கடைசியில் ரயரும் வெடித்தது. என் கையால் செய்த பெட்டிகள் எத்தனையோ என்னைக் கடந்து போயின. ஒவ்வொன்றிலும் தையல் மெசின், நெல்மூட்டை, கதவு நிலை. ஒருவருக்கும் நிற்க நேரமில்லை. செய்தவன் மனைவி சேற்றில் இருக்கிறாள்! வாயில் வந்தபடி எல்லோரையும் திட்டினேன். முதலில் என்னைத்தான் திட்டினேன்.

இருமிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது. மரியதாஸ். பின்னால் என் பெட்டி, பெட்டி நிறைய அந்த அலுமாரி, அதைப் பிடித்தபடி அவர் மனைவி. அந்தப் பெண் செல்வியின் காலைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார். “இறக்குங்கோ இதை” என்று புருஷனிடம் ஒரு சொல்தான். மூன்று பேருமாகச் சேர்ந்து அலுமாரியைப் பற்றைக்குள் தள்ளினோம். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நடந்தார். செல்வியை ஏற்றினோம். கொஞ்சத் தூரம் போனதும் தறப்பாளுக்குள் இருந்து குரல் வந்தது.

“இதை ஆர் செய்தது? இடப்பக்கம் இழுக்குது.”

ஆகவே, பெட்டி வாங்க வருகிறவர்களே, சின்னதா பெரியதா என்று என்னைக் கேட்காமல் எதை இறக்கப் போகிறோம் என்று வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள், ஏனென்றால் இடப்பக்கம் இழுக்கிற அந்த அச்சை நேராக்கவே எனக்கு இன்னும் இரும்பு வந்து சேரவில்லை.